அசெம்பிளியில் அசையும் பாகங்கள்: முதல்முறை செய்பவர்களுக்கு

பஞ்சர் கடைகளில் காற்று அடிக்கும் கம்ப்ரசரைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒற்றை சிலிண்டர் கம்ப்ரசர் ஒன்றைப் பிரித்து, அளந்து, கணினியில் வரைந்து தரும் வேலை என்னிடம் வந்தது. பாகங்களை வரைய மூன்று நாள் ஆனது. அவற்றைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்து (இதைத்தான் அசெம்பிளி என்கிறோம்), கிராங்கைத் திருப்பினால் பிஸ்டன் மேலும் கீழும் போகவைக்க மூன்று வாரம் ஆனது. இன்று அதே வேலையை அரை நாளில் முடிப்பேன். நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பாகங்களைத் தனித்தனியாக வரையத் தெரிந்தவர்களுக்கானது இது. ஸ்கெட்ச், பேட், பாக்கெட் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் ஃப்ரீகேட் பயன்படுத்துகிறேன். மற்ற மென்பொருள்களில் பட்டன்களின் பெயர் மாறும், சிக்கல் மாறாது.

1. மென்பொருளும் செலவும்

ஃப்ரீகேட் இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வாடிக்கையாளருக்குக் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அசெம்பிளி வசதி மென்பொருளுக்குள்ளேயே சேர்ந்தது. அதற்கு முன் ஏ2ப்ளஸ், அசெம்பிளி3, அசெம்பிளி4 என்று தனித்தனி ஆட்-ஆன்கள் இருந்தன. ஒன்றில் செய்தது இன்னொன்றில் வேலை செய்யாது. என் முதல் வாரம் போனது இங்கேதான். யூடியூபில் கிடைத்த பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டு புதிய பதிப்பில் அந்தப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன். வீடியோ 1.0-க்கு முந்தையதா என்று முதலில் பாருங்கள். முந்தையது என்றால் மூடிவிடுங்கள்.

ஃப்யூஷனிலும் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவச உரிமம் உண்டு. ஆனால் அது வணிக வேலைக்கு அல்ல, ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகளும் பத்துதான். ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவது எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் இருக்கும். பழகுவதற்குப் பரவாயில்லை. வாடிக்கையாளரின் டிசைனை அங்கே வைத்தால் வம்பு. சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் இரண்டும் வேலைக்குப் போகும் இடத்தில் கிடைத்தால் பழகிக்கொள்ளுங்கள். கற்பதற்காகச் சொந்தக் காசில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

எனக்கு உண்மையில் ஆன செலவு ஒரு 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியரும், நடுவில் சக்கரம் உள்ள மூன்று பட்டன் மவுஸும்தான். லேப்டாப்பின் டச்பேடில் அசெம்பிளி செய்யப் பார்க்காதீர்கள், கையும் மனசும் வலிக்கும். இத்தனை பாகங்களுக்கு 8 ஜிபி ராம் போதும்.

2. அளவெடுக்கும் நாள்

கையில் ஏற்கெனவே வரைபடம் இருந்தால் இதைத் தாண்டிப் போங்கள். இல்லையென்றால் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். அசையும் பாகங்களில் முக்கியமான அளவுகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு இருப்பவை அல்ல, மையத்திலிருந்து மையத்துக்கு இருப்பவை. அவற்றை வெர்னியரால் நேரடியாகப் பிடிக்க முடியாது.

கிராங்கையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராடில் இரண்டு துளைகள். பெரியது 30 மி.மீ., சிறியது 14 மி.மீ. இரண்டு துளைகளின் கிட்டத்து விளிம்புகளுக்கு இடையே அளந்தேன், 78 வந்தது. அதோடு இரண்டு துளைகளின் ஆரத்தையும் கூட்டினால் 78 + 15 + 7 = 100. ராடின் மைய நீளம் 100 மி.மீ.

கிராங்கின் ஆரத்தை அளக்க அதைவிட எளிய வழி உண்டு. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதும் அடியில் இருக்கும்போதும் மேல் விளிம்பிலிருந்து ஆழத்தை வெர்னியரின் வால் முனையால் அளக்கவும். இரண்டின் வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். எனக்கு 50 வந்தது. அதில் பாதி, 25 மி.மீ., கிராங்கின் ஆரம், அதாவது ஷாஃப்டின் மையத்திலிருந்து ராடு மாட்டும் கிராங்க் பின்னின் மையம் வரை. பிரித்த பிறகு இதை அளக்க முடியாது. பிரிப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். நான் பிரித்துவிட்டு, மறுபடி மாட்டி அளந்தேன்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதும்போது எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு அளந்தீர்கள் என்பதையும் படம் போட்டுக் குறியுங்கள். வெறும் எண்ணாக எழுதினால் என்ன ஆகும் என்பது ஏழாவது படியில் வருகிறது.

3. கணினியைத் திறக்கும் முன்: எது எதோடு சேர்ந்து அசைகிறது?

இந்தப் படியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்தேன். அங்கே "இந்த முகத்தையும் அந்த முகத்தையும் ஒட்டுங்கள், இந்த வட்டத்தையும் அந்த வட்டத்தையும் ஒரே மையத்தில் வையுங்கள்" என்பதோடு பாடம் முடிந்தது. ஒட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு சிலை கிடைக்கும், இயந்திரம் கிடைக்காது.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இரண்டு பாகங்கள் எங்கே தொடுகின்றன என்பதைவிட, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது எப்படி அசையலாம் என்பதுதான் முக்கியம். நிஜ இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசைத்துப் பார்த்தே இதற்குப் பதில் எழுதலாம்.

முதலில் குழு பிரியுங்கள். என் கம்ப்ரசரில் நட்டு, போல்ட் எல்லாம் சேர்த்து முப்பத்தேழு உருப்படிகள். ஆனால் அசைவு என்று பார்த்தால் நான்கே குழுக்கள்:

நகராத குழு: கிராங்க் கேஸ், சிலிண்டர், ஹெட், வால்வு பிளேட், அவற்றின் போல்ட்டுகள் எல்லாம்.
கிராங்க் குழு: கிராங்க் ஷாஃப்ட், அதன் எதிர் எடை, ஃப்ளைவீல், அதை ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் சாவி.
ராடு குழு: ராடு, அதன் கீழ் மூடி, இரண்டு போல்ட்.
பிஸ்டன் குழு: பிஸ்டன், ரிங்குகள், பிஸ்டனை ராடோடு இணைக்கும் கட்ஜன் பின், அதன் லாக்குகள்.

ஒரு குழுவுக்குள் இருப்பவை ஒன்றையொன்று விட்டு நகராது. இரண்டு பாகங்களுக்கு இடையே எந்த அசைவை விடுவது என்று மென்பொருளுக்குச் சொல்வதுதான் ஜாயின்ட். இவற்றுக்கெல்லாம் எதையும் அசையவிடாத ஃபிக்ஸ்ட் ஜாயின்ட் ஒன்றே போதும். இன்னும் நல்லது, ஒவ்வொரு குழுவையும் தனி உப அசெம்பிளியாகச் செய்து மூடிவிட்டு, மேல்மட்டத்தில் நான்கே உருப்படிகளோடு வேலை செய்வது. நான் முதல் முயற்சியில் ஹெட்டின் நான்கு போல்ட்டுகளுக்கும் சுற்றும் ஜாயின்ட் கொடுத்திருந்தேன். போல்ட் சுற்றும்தானே என்று நினைத்தேன். சுற்றும்தான், ஆனால் இறுக்கிய பிறகு யாருக்கு வேண்டும் அது?

இதில் ஒரு வலை இருக்கிறது. கம்ப்ரசரின் கட்ஜன் பின் நிஜத்தில் பிஸ்டனுக்குள் தானும் மெல்லச் சுழலலாம். அதை அப்படியே மாடலில் விட்டால் எதற்கும் பயன்படாத ஓர் அசைவு அசெம்பிளிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். பிஸ்டனோடு ஃபிக்ஸ்ட் செய்துவிடுங்கள்.

வளைவதையும் நெளிவதையும் தொடாதீர்கள். வால்வின் ரீட் என்ற மெல்லிய தகடு, ஸ்பிரிங், ரப்பர் ஹோஸ், வி பெல்ட் எல்லாம் ஜாயின்ட் கணக்கில் வராது. ஜாயின்ட் என்பது விறைப்பான பாகங்களுக்கு மட்டும்.

4. பாகக் கோப்புகளைத் தயார் செய்வது

ஒரு பாகத்துக்கு ஒரு கோப்பு, எல்லாம் ஒரே ஃபோல்டரில். அசெம்பிளிக் கோப்புக்குள் பாகங்கள் உட்கார்ந்திருக்கவில்லை, பாகக் கோப்புகளைச் சுட்டும் இணைப்புகள்தான் இருக்கின்றன. அதனால் எல்லாக் கோப்புகளையும் முதலில் சேமித்துப் பெயர் வைத்த பிறகுதான் அசெம்பிளி தொடங்க வேண்டும். பாதியில் பெயரை மாற்றினால் அசெம்பிளி அந்தப் பாகத்தைத் தேடி அலையும். "பிஸ்டன் புதுசு", "பிஸ்டன் புதுசு 2", "பிஸ்டன் கடைசி" என்று என்னிடம் ஒரு குடும்பமே இருந்தது. அசெம்பிளி பிடித்துக்கொண்டிருந்தது முதலாவதை. நான் திருத்திக்கொண்டிருந்தது மூன்றாவதை.

ஒவ்வொரு பாகத்தின் மூலப் புள்ளியையும் அது அசையும் இடத்தில் வையுங்கள். கிராங்குக்கு ஷாஃப்டின் மையக்கோட்டில், ராடுக்குப் பெரிய துளையின் மையத்தில், பிஸ்டனுக்குக் கட்ஜன் பின் துளையின் மையத்தில். இப்படிச் செய்தால் பின்னால் அளவு சரிபார்ப்பது சுலபம். வடிவத்தைத் திருத்தும்போது ஜாயின்ட்கள் அறுந்துபோவதும் குறையும்.

5. அசைவுகளை எண்ணிப் பாருங்கள்

அவசரம் என்றால் தாண்டலாம். ஆனால் ஐந்து நிமிடம் செலவழித்தால் நான் பட்ட பாட்டில் பாதி உங்களுக்கு மிச்சம்.

வெளியில் சும்மா மிதக்கும் ஒரு பாகத்துக்கு ஆறு அசைவுகள் உண்டு. மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுற்றலாம். பதினோராம் வகுப்பு இயற்பியலில் சுதந்திர இயக்கக்கூறுகள் என்று படித்தோமே, ஏறக்குறைய அதே சங்கதிதான். ஒவ்வொரு ஜாயின்டும் இந்த ஆறில் சிலவற்றைப் பறிக்கிறது.

ரெவல்யூட்: சுற்ற மட்டும் விடும். ஐந்தைப் பறிக்கும்.
ஸ்லைடர்: ஒரு கோட்டில் நகர மட்டும் விடும். ஐந்தைப் பறிக்கும்.
சிலிண்ட்ரிகல்: சுற்றவும் விடும், அதே கோட்டில் நகரவும் விடும். நான்கைப் பறிக்கும்.
பால்: எந்தப் பக்கமும் திரும்ப விடும், நகர விடாது. மூன்றைப் பறிக்கும்.

நம் கம்ப்ரசரில் நகராத குழுவை விட்டால் மூன்று குழுக்கள், 18 அசைவுகள். நமக்கு வேண்டியது ஒரே ஓர் அசைவு, கிராங்க் சுற்றுவது. அப்படியானால் ஜாயின்ட்கள் 17-ஐப் பறிக்க வேண்டும்.

புத்தகங்களில் இந்த அமைப்புக்குப் போடும் படத்தில் மூன்று ரெவல்யூட், ஒரு ஸ்லைடர் இருக்கும். நான்கும் ஐந்தைந்து பறித்தால் 20. மிச்சம் மைனஸ் இரண்டு! கணக்குப்படி இது நகரவே கூடாது. ஆனால் நகரும். காரணம், தட்டையான தாளில் வரைந்த இயந்திரத்தில் மூன்று பின்களின் அச்சுகளும் மிகச் சரியாக ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. அதனால் சில ஜாயின்ட்கள் ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்கின்றன. மென்பொருள் அந்த மிகையைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். ஏதாவது ஓர் அச்சு அரை டிகிரி சாய்ந்திருந்தால் திரும்பச் சொல்வது முரணாகச் சொல்வதாக மாறும். அசெம்பிளி இறுகிப் போகும். "நேற்று சுற்றியது, இன்று சுற்றவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கணக்கு துல்லியமாக ஒன்று வர ஒரு வழி: கிராங்க் ரெவல்யூட், ராடின் பெரிய முனை சிலிண்ட்ரிகல், சிறிய முனை பால், பிஸ்டன் ஸ்லைடர். 5 + 4 + 3 + 5 = 17. பின்னால் விசைகளைக் கணக்கிடப் போகிறவர்கள் இதையே பயன்படுத்துங்கள். மிகையான ஜாயின்ட்கள் இருந்தால் எந்தத் தாங்கியில் எவ்வளவு விசை என்ற பதில் நம்பத் தகுந்ததாக இருக்காது.

சுற்றிப் பார்ப்பது மட்டும் போதும் என்றால், நிஜ இயந்திரத்தை ஒட்டிய இன்னொரு வழியை அடுத்த படியில் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது அதுதான்.

6. ஜாயின்ட்களைப் போடும் வரிசை

முதலில் நகராத குழுவை உள்ளே கொண்டுவாருங்கள், உடனே தரையோடு கட்டுங்கள். ஃப்ரீகேடில் டாகிள் கிரவுண்டட் என்ற பூட்டுப் பட்டன். இதை மறந்தால் கிராங்கை இழுக்கும்போது முழுக் கம்ப்ரசரும் கூடவே வரும். இன்னொரு மறதியும் உண்டு: அவசரத்தில் எல்லாப் பாகங்களுக்கும் இந்தப் பூட்டைப் போட்டுவிடுவது. ஒன்றே ஒன்றுக்குத்தான் பூட்டு.

அடுத்து கிராங்க். கேஸின் பேரிங் துளையின் வட்ட விளிம்பு ஒன்று, கிராங்கின் தோள் வட்ட விளிம்பு ஒன்று, இரண்டையும் தேர்ந்து ரெவல்யூட். மென்பொருள் ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் ஒரு குட்டி அச்சுக்குறி வைத்து, இரண்டு குறிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும். சுற்றுவதும் நகர்வதும் அந்தக் குறியின் இசட் அச்சில்தான். எனவே தேர்ந்தெடுப்பது எது என்பது முக்கியம். வட்ட விளிம்பைத் தொட்டால் மையம் கிடைக்கும். தவறிப் பக்கத்தில் உள்ள நேர்க்கோட்டைத் தொட்டால் கிராங்க் குறுக்காக நிற்கும். பாகம் தலைகீழாகப் போனால் ரிவர்ஸ் பட்டன் இருக்கிறது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள்.

போட்டதும் கிராங்கைப் பிடித்து இழுத்துச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஜாயின்டுக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள். நான்கையும் போட்டுவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

மூன்றாவது, ராடின் பெரிய முனையும் கிராங்க் பின்னும். இங்கேயும் ரெவல்யூட். பக்கவாட்டில் இடைவெளி விட வேண்டுமானால் ஆஃப்செட்டில் 0.2 மி.மீ. கொடுக்கலாம். ராடு இப்போது கிராங்கில் ஊஞ்சல் மாதிரி தொங்கும். அது சரியான அறிகுறி.

நான்காவது, பிஸ்டனும் சிலிண்டரும். எல்லோரும் இங்கே ஸ்லைடர் போடுவார்கள். நான் சிலிண்ட்ரிகல் போடுகிறேன். சிலிண்டருக்குள் தனியாக விட்ட பிஸ்டன் சுற்றவும் செய்யும் அல்லவா? அதைச் சுற்றவிடாமல் நிறுத்துவது கட்ஜன் பின்தான், சிலிண்டர் அல்ல. ஸ்லைடர் போட்டால் வரும் வலை இது: பிஸ்டன் எந்தக் கோணத்தில் திரும்பி நிற்க வேண்டும் என்பதையும் ஸ்லைடரே முடிவு செய்துவிடும். உங்கள் கட்ஜன் பின் துளை ராடுக்குக் குறுக்கே 90 டிகிரி திரும்பி நிற்கலாம். அப்போது கடைசி ஜாயின்ட் எப்படிப் போட்டாலும் பொருந்தாது. ஸ்லைடர்தான் வேண்டும் என்பவர்கள் ஜாயின்டின் சுழற்சிக் கோணத்தை மாற்றித் துளையை நேராக்கிக்கொண்டு மேலே போங்கள்.

கடைசியாக, ராடின் சிறிய முனையும் கட்ஜன் பின்னும், சிலிண்ட்ரிகல். கேஸ், கிராங்க், ராடு, பிஸ்டன், மறுபடி கேஸ் என்ற வளையம் இதோடு மூடுகிறது. இதைப் போடுவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. கிராங்கைக் கையால் சுமார் 40 டிகிரிக்குத் திருப்பி வையுங்கள். பிஸ்டனை இழுத்து ராடின் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஏன் என்றால், இந்த அமைப்புக்குக் கணிதப்படி இரண்டு விடை உண்டு: பிஸ்டன் கிராங்குக்கு மேலே இருக்கலாம், ராடு மடங்கிக் கீழேயும் இருக்கலாம். மென்பொருள் கிட்டத்தில் உள்ள விடையைப் பிடித்துக்கொள்ளும். என் பிஸ்டன் ஒருமுறை கிராங்க் கேஸின் அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் நின்றது. கணக்குக்கு அதுவும் சரிதான்!

கிராங்கும் ராடும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் உச்சிப் புள்ளியில் வளையத்தை மூடாதீர்கள். அங்கிருந்து பிஸ்டன் எந்தப் பக்கம் போகும் என்று மென்பொருளுக்கும் தெரியாது. சுற்றும்போதும் பிஸ்டனை இழுக்காதீர்கள், கிராங்கை இழுங்கள். பிஸ்டனை இழுத்தால் உச்சியில் போய்ச் சிக்கிக்கொண்டு நிற்கும்.

கடைசி ஜாயின்டில் பிழை வந்தால் அதன் மேலேயே பழியைப் போட்டுவிட வேண்டாம். தப்பு முதல் ஜாயின்டிலோ ராடின் நீளத்திலோ இருக்கலாம். வளையம் மூடும் இடத்தில்தான் அது வெளியே தெரியும். அப்போது சிலிண்டர் ஜாயின்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, பிஸ்டனை ராடின் நுனியில் தொங்கவிட்டுச் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் சிலிண்டரின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகி நின்றால், கிராங்க் ஷாஃப்டின் திசையில் ஏதோ ஓர் அளவு தவறு.

சாலிட்வொர்க்ஸில் செய்பவர்களுக்கு: கான்சென்ட்ரிக் மேட்டும் கோயின்சிடென்ட் மேட்டும் சேர்ந்தால் ஒரு ரெவல்யூட். கான்சென்ட்ரிக் மட்டும் இருந்தால் சிலிண்ட்ரிகல். கான்சென்ட்ரிக்கில் சுழற்சியைப் பூட்டும் ஒரு டிக் இருக்கிறது. அது தெரியாமல் விழுந்திருந்தால் பாகம் அசையாது. எல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

7. சுற்றிவிட்டது. சரியாகச் சுற்றுகிறதா?

சுற்றுவதைப் பார்த்த மகிழ்ச்சியில் நான் ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. அதனால் அனுப்பும் முன் அளந்து பாருங்கள். மெஷர் கருவியில் கிராங்க் மையத்திலிருந்து கட்ஜன் பின் மையம் வரை.

கிராங்க் 25, ராடு 100 என்றால் உச்சியில் 125 மி.மீ. வர வேண்டும், அடியில் 75. வித்தியாசம் 50, அதுதான் ஸ்ட்ரோக். இது எல்லோரும் பார்ப்பது. இன்னும் ஒரு புள்ளியைப் பாருங்கள்: கிராங்க் சரியாக 90 டிகிரியில். பாதி ஸ்ட்ரோக், அதாவது 25 மி.மீ. இறங்கியிருக்கும் என்று தோன்றும். இல்லை. ராடு சாய்ந்து நிற்பதால் மைய தூரம் 96.8 மி.மீ., பிஸ்டன் இறங்கியிருப்பது 28.2 மி.மீ. மிகச் சரியாக 25 வந்தால் எங்கோ தப்பு இருக்கிறது. பிஸ்டன் 25 மி.மீ. இறங்குவது கிராங்க் 82.8 டிகிரியில் இருக்கும்போதே.

ராடு அதிகபட்சம் சாயும் கோணம் 14.5 டிகிரி, இரண்டு பக்கமும். அந்த நிலையில் ராடின் உடல் சிலிண்டரின் அடி விளிம்பில் உரசுகிறதா என்று வெட்டுத் தோற்றத்தில் பாருங்கள்.

இனி என் வீடியோ ஏன் திரும்பி வந்தது என்ற கதை. கிராங்க் பின் அடியில் இருக்கும்போது எதிர் எடை மேலே, பிஸ்டனை நோக்கி நிற்கும். என் எதிர் எடையின் ஆரம் 48 மி.மீ. கட்ஜன் பின் மையத்திலிருந்து பிஸ்டனின் அடி வரை 30 என்று குறித்திருந்தேன். அடிப்புள்ளியில் 75-இல் 30 போனால் பிஸ்டனின் அடி கிராங்க் மையத்திலிருந்து 45 மி.மீ. உயரத்தில். எதிர் எடை 48 வரை வருகிறது. 3 மி.மீ. உள்ளே புகுந்து போய்க்கொண்டிருந்தது, நான் அதை வேகமாகச் சுற்றி ரசித்துக்கொண்டிருந்தேன்.

நிஜக் கம்ப்ரசர் இடிக்காமல் ஓடியதால் தப்பு என் அளவில்தான். தாளில் "30" என்று மட்டும் எழுதியிருந்தேன். மறுபடி அளந்தபோது தெரிந்தது, அது துளையின் மேல் விளிம்பிலிருந்து அளந்த எண். துளை ஆரம் 7 போக, உண்மையான அளவு 23. இப்போது 75 − 23 = 52, எதிர் எடைக்கு மேல் 4 மி.மீ. இடைவெளி. உச்சியில் பிஸ்டனுக்கும் வால்வு பிளேட்டுக்கும் நடுவே 7 மி.மீ. சந்து தெரிந்ததும் இதனால்தான். அவ்வளவு சந்து விட்டால் கம்ப்ரசர் காற்றை அழுத்துவது எங்கே? அதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

ஜாயின்ட்கள் மோதலைத் தடுக்காது என்பதை மனதில் வையுங்கள். இரண்டு திடப்பொருள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதில் ஜாயின்டுக்கு ஆட்சேபம் இல்லை. அது உங்கள் வேலை. உச்சி, அடி, இரண்டு பக்கமும் 90 டிகிரி, இந்த நான்கு நிலைகளிலாவது வெட்டித் திறந்து பாருங்கள்.

வரம்பு பற்றி ஒரு வார்த்தை. ஜாயின்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று எல்லை வைக்கலாம். கைப்பிடி, கதவு, ஹைட்ராலிக் சிலிண்டர் போன்றவற்றுக்கு அது தேவை. பிஸ்டனுக்கு 50 மி.மீ. என்று எல்லை வைக்காதீர்கள். ஸ்ட்ரோக் என்பது கிராங்கின் ஆரத்திலிருந்து தானே வர வேண்டிய விடை. அதை நீங்களே எழுதிக் கொடுத்தால் தப்பான கிராங்க் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடும்.

8. மோட்டாரும் பெல்ட்டும்

பெல்ட்டின் வடிவத்தை வரைய வேண்டாம், அதன் வேலையை மட்டும் சொல்லலாம். மோட்டார் புல்லிக்கு முதலில் ஒரு ரெவல்யூட் போடுங்கள். ஃப்ளைவீலுக்குக் கிராங்கின் ரெவல்யூட் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு இரண்டையும் பெல்ட் ஜாயின்டால் இணையுங்கள். பெல்ட், கியர், ரேக் பினியன், ஸ்க்ரூ எல்லாமே அசைவுகளைக் கோத்துவிடும் ஜாயின்ட்கள்தான். பாகத்தைத் தாங்கிப் பிடிக்காது, அதற்குத் தனி ஜாயின்ட் முன்பே இருக்க வேண்டும்.

கேட்கப்படுவது ஆரம், விட்டம் அல்ல. என் புல்லிகள் 75, 225 மி.மீ. விட்டம், கொடுக்க வேண்டியது 37.5, 112.5. இரண்டிலும் விட்டத்தைக் கொடுத்தால் விகிதம் மாறாததால் தப்பு தெரியாது. ஒன்றில் விட்டம், ஒன்றில் ஆரம் என்று கொடுத்தால்தான் விபரீதம். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் கம்ப்ரசர் 480 சுற்று. பெல்ட்டில் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும், கியரில் எதிரெதிர்ப் பக்கம். ஸ்க்ரூ ஜாயின்டில் கேட்பது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நகரும் தூரம். சாதாரண எம்8 மரைக்கு அது 1.25 மி.மீ.

9. திடீரென்று அசையவில்லை என்றால்

படம் எடுக்கக் கிராங்கை 40 டிகிரியில் நிறுத்தி ஓர் ஆங்கிள் ஜாயின்ட் போட்டிருப்பீர்கள், எடுத்த பிறகு மறந்திருப்பீர்கள். இது எனக்கு மூன்று முறை நடந்தது. இப்போதெல்லாம் அப்படிப் போடும் ஜாயின்டுக்கு "தற்காலிகம்" என்றே பெயர் வைக்கிறேன்.

உப அசெம்பிளிக்குள் அசையும் பாகம் இருந்தால் அது மேல்மட்டத்தில் விறைத்து நிற்கும். அநேக மென்பொருள்களில் உப அசெம்பிளியை முழுக் கட்டியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஃப்ரீகேடில் ரிஜிட் என்ற பண்பை அணைக்க வேண்டும், சாலிட்வொர்க்ஸிலும் இன்வென்டரிலும் ஃப்ளெக்ஸிபிள் ஆக்க வேண்டும்.

பாகத்தில் ஒரு ஃபில்லட் சேர்த்த பிறகு ஜாயின்ட் வேறு விளிம்புக்குத் தாவினால், அந்த ஜாயின்டைத் திறந்து விளிம்பை மறுபடி தேர்ந்தெடுங்கள். ஃபில்லட், சாம்ஃபர் எல்லாவற்றையும் கடைசியாகப் போடுவதும், அந்த விளிம்புகளில் ஜாயின்டைக் கட்டாமல் இருப்பதும் நல்லது.

இவை எதுவும் இல்லையென்றால் ஜாயின்ட்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, எதை நிறுத்தியதும் அசைகிறது என்று பாருங்கள். நான்கு ஜாயின்ட் என்றால் ஐந்து நிமிட வேலை. முப்பத்தேழு உருப்படிகளுக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

10. ஒப்படைக்கும்போது

ஸ்டெப் கோப்பாக மாற்றி அனுப்புவதுதான் வழக்கம், எந்த மென்பொருளிலும் திறக்கும். ஆனால் வழக்கமான ஸ்டெப்பில் வடிவமும் பாகங்களின் இடமும் மட்டுமே போகும், ஜாயின்ட்கள் போகாது. வாங்கியவர் திறந்தால் கிராங்க் அசையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வேலை அரைகுறை என்று பணம் நிற்கும். அசைவும் வேண்டும் என்றால் அவர் எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் திறப்பார் என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். பழைய பதிப்பில் புதிய கோப்பு திறக்காமல் போவது சகஜம்.

மூலக் கோப்பையே அனுப்புவதென்றால் அசெம்பிளிக் கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. முழு ஃபோல்டரையும் சுருக்கி அனுப்ப வேண்டும். சாலிட்வொர்க்ஸிலும் இன்வென்டரிலும் இதற்கே பேக் அண்ட் கோ என்ற வசதி உண்டு. அனுப்பும் முன் அந்த ஃபோல்டரை வேறொரு கணினியில், அல்லது குறைந்தபட்சம் வேறோர் இடத்தில் விரித்து, ஒருமுறை திறந்து கிராங்கைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். உங்கள் கணினியில் பழைய "பிஸ்டன் புதுசு" எங்கோ கிடப்பதால்தான் அது திறக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.